சூரியன் உதிக்கும் வரை

கெர்ஷோப் ஓடை சின்ன ஓடைதான். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினால் அக்கரைக்குப் போய்விடலாம். இக்கரை இங்கிலாந்து, அக்கரை ஸ்காட்லாந்து. நியூகாசிலில் வேலை பார்க்கும் தம்பி ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் கூட்டிப் போனான். ஓடை லிடல் ஆற்றில் போய்ச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தினோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இரண்டு கரையிலும் ஒரே புல், ஒரே ஈரம்.

"இதைப் பார்க்கவா அக்கா இவ்வளவு தூரம்?" என்றான்.

ஆமாம், இதைப் பார்க்கத்தான். பல வருடமாக இந்த எல்லையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் என் மனதை விட்டு அகலாத காட்சி இந்தக் கரையில் நடந்ததுதான்.

16-ஆம் நூற்றாண்டில் இரு நாடுகளும் தங்கள் எல்லையைக் கிழக்கு, நடு, மேற்கு என்று மும்மூன்று மண்டலங்களாகப் பிரித்து வைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன். அந்த மண்டலத்தின் படைத்தலைவர், நீதிபதி, போலீஸ் எல்லாமே அவர்தான். எதிரெதிர் வார்டன்கள் அவ்வப்போது ஒரு நாள் குறித்து எல்லையில் சந்திப்பார்கள். 'ட்ரூஸ் டே' என்று அதற்குப் பெயர். சமாதான நாள் என்று வைத்துக்கொள்ளலாம். உன் ஆள் என் மாட்டைத் திருடினான், என் ஆள் உன் வீட்டைக் கொளுத்தினான் என்று இரு பக்கமும் எழுதிக் கொடுத்த புகார்கள் அன்றைக்கு விசாரணைக்கு வரும்.

அந்த நாள் தொடங்கும் விதமே தனி. இரண்டு வார்டன்களும் ஆளுக்கு நூற்றுக்கணக்கான குதிரைக்காரர்களோடு வந்து எதிரெதிரே தூரத்தில் நிற்பார்கள். ஒரு தரப்பிலிருந்து சிலர் மட்டும் ஓடையைக் கடந்து போய், "நாளைக்குச் சூரியன் உதிக்கும் வரை எங்களுக்கு உங்களால் எந்தத் தீங்கும் வராது என்று வாக்குத் தருகிறீர்களா?" என்று கேட்பார்கள். வார்டன் கையை உயர்த்திக் காட்டுவார். அப்புறம் மற்றத் தரப்பும் இதே மாதிரி வந்து கேட்கும். அங்கேயும் ஒரு கை உயரும். அதன் பிறகுதான் கூட்டம் ஒன்றோடொன்று கலக்கும்.

அந்த வாக்கில் 'நாளைக்குச் சூரியன் உதிக்கும் வரை' என்பதுதான் முக்கியம். விசாரணை சாயங்காலமே முடிந்துவிடும். ஆனால் வந்தவன் வீடு போய்ச் சேர வேண்டுமே! அதற்காகத்தான் ராத்திரி முழுவதையும் வாக்குக்குள் சேர்த்து வைத்தார்கள். கொலைகாரன், கொள்ளைக்காரன், தேடப்படுகிறவன் என்று யாராக இருந்தாலும் அன்றைக்கு வந்து போகிறவனை யாரும் தொடக்கூடாது.

ஜூரி அமைத்த முறையும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆறு ஆங்கிலேயர், ஆறு ஸ்காட்லாந்துக்காரர். ஆங்கிலேயர் ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பது ஸ்காட்லாந்து வார்டன், ஸ்காட்லாந்துக்காரர் ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பது ஆங்கில வார்டன். அதாவது, எதிராளியின் ஊரில் யாருடைய பேச்சை நம்பலாம் என்பதை நீ தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தச் சட்டங்களின் வேர் 1249 வரைக்கும் போகிறது. அந்த வருடம் இரு பக்கத்திலிருந்தும் 'நைட்' பட்டம் பெற்ற வீரர்கள் பன்னிரண்டு பன்னிரண்டு பேர் கூடி எல்லை வழக்கங்களை எழுதி வைத்தார்கள். 1296-இல் தொடங்கி நூற்றாண்டுக்கணக்கில் இரண்டு ராஜ்யங்களும் மோதிக்கொண்டே இருந்தன. அத்தனை சண்டைக்கு நடுவிலும், லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் தனியாகச் சொந்தமில்லாத இந்தப் பொதுச் சட்டத்தை எல்லைக்காரர்கள் கைவிடவில்லை.

சரி, அப்படி என்ன திருட்டு நடந்தது அங்கே?

மாடுதான். மாடு, ஆடு, குதிரை, கிடைத்தால் வீட்டுச் சாமானும் சேர்த்து. இதைத் தொழிலாகவே செய்தவர்களுக்கு ரீவர் என்று பெயர். ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், நிக்சன், சார்ல்டன், கெர், மேக்ஸ்வெல், ஜான்ஸ்டன் என்று குடும்பம் குடும்பமாகச் செய்தார்கள். அறுவடை முடிந்து ராத்திரி நீளும் காலத்தில், மாடு கோடையில் மேய்ந்து கொழுத்திருக்கும்போது கிளம்புவார்கள். தலையில் இரும்புத் தொப்பி, உடம்பில் உள்ளே தகடு வைத்துத் தைத்த தடித்த சட்டை, கையில் ஈட்டி. சின்னக் குதிரைகள்தான், ஆனால் சதுப்பில் கால் புதையாமல் போகத் தெரிந்தவை.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஒவ்வொரு படையெடுப்பிலும் முதலில் எரிந்தது இவர்களுடைய வயல்தான். 1540-களில் ஸ்காட்லாந்தின் குழந்தை ராணி மேரியைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி நடத்திய போரில் ட்வீட் பள்ளத்தாக்கு முழுக்கத் தீ வைக்கப்பட்டது. விதைத்தால் நின்று காக்க வேண்டும். மாடு என்றால் ஓட்டிக்கொண்டு ஓடலாம். போதாததற்கு டைன்டேல், ரீட்ஸ்டேல் பகுதிகளில் அப்பா செத்தால் நிலத்தை எல்லா மகன்களுக்கும் பங்கு வைக்கும் வழக்கம் இருந்தது. இரண்டு மூன்று தலைமுறையில் ஆளுக்கு ஒரு துண்டுதான் மிஞ்சும். அதை வைத்து யார் பிழைக்க முடியும்?

திருட்டுக் கொடுத்தவன் என்ன செய்வான்? ஒன்று, புகார் எழுதிக் கொடுத்துவிட்டுச் சமாதான நாளுக்குக் காத்திருக்கலாம். இல்லையென்றால் சூட்டோடு சூடாகத் துரத்தலாம். எல்லைச் சட்டம் அதற்கு உரிமை தந்தது. 'ஹாட் ட்ராட்' என்று பெயர். ஆறு நாளுக்குள் எல்லை தாண்டிப் போய் உன் மாட்டை மீட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒளிந்து போகக்கூடாது. மோப்ப நாயோடும் கொம்பு ஊதிக்கொண்டும், எரியும் புல்மண் கட்டி ஒன்றை ஈட்டி முனையில் குத்திப் பிடித்துக்கொண்டும் போக வேண்டும். எதிர்ப்படும் முதல் ஆளிடம் எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். அந்தத் தீயைப் பார்த்தால் இவன் திருட வரவில்லை, தன் பொருளை மீட்க வந்திருக்கிறான் என்று எதிரி நாட்டு ஜனங்களுக்கும் புரியும். வழி மறிப்பவன் குற்றவாளி ஆவான்.

வாக்குத் தவறியவனுக்கு ஒரு தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவன் ஒரு கையுறையை ஈட்டி நுனியில் மாட்டி, சமாதான நாள் கூட்டத்தின் நடுவே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னார் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று கத்திச் சொல்வான். அவ்வளவுதான். ஆனால் இந்த அவமானத்துக்கு ஆட்கள் உண்மையிலேயே பயந்தார்கள். பயந்தது மட்டுமில்லை, அந்த இடத்திலேயே கத்தியை உருவினார்கள். அதனால் வார்டன்கள் அனுமதித்தால்தான் கையுறையைத் தூக்கலாம் என்று ஆக்க வேண்டியதாயிற்று.

பிளாக்மெயில் என்ற சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். அது பிறந்ததும் இந்த ஊர்களில்தான். 'மெயில்' என்றால் அங்கே வாடகை, குத்தகை. நிலத்துச் சொந்தக்காரனுக்குக் கொடுக்கும் குத்தகை போக, உன் மாட்டைத் தொடமாட்டேன், வேறு யாரையும் தொட விடவும் மாட்டேன் என்று சொல்லும் கொள்ளைக்காரனுக்கும் ஒரு பங்கு கட்ட வேண்டும். அதுதான் கறுப்புக் குத்தகை. கட்டிய ஜனங்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. பிற்காலத்துப் பாட்டுகள் ரீவர்களை வீரர்களாக ஆக்கிவிட்டன. பாட்டில் வராதவள், விடியற்காலையில் காலித் தொழுவத்தில் நிற்கும் விதவை. குளிர்காலம் முழுக்கப் பாலும் இல்லை, விற்கக் கன்றும் இல்லை. அவளுடைய பெயர் எங்கேயாவது இருக்கிறது என்றால் வார்டனிடம் கொடுத்த புகாரில்தான் இருக்கும்.

இந்தப் பயத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கெர்ஷோப்பிலிருந்து காட்டுப் பாதையில் சுற்றி வந்து டார்செட் பள்ளத்தாக்கில் பிளாக் மிடன்ஸ் என்ற இடத்துக்குப் போனோம். 'பாஸ்டில்' என்று சொல்லும் பழைய பண்ணை வீடு ஒன்று அங்கே கூரையில்லாமல் நிற்கிறது. கீழ்த்தளம் மாட்டுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு. சுவரின் கனம் இரண்டு முழத்துக்கும் மேல். கையகலத்துக்கு ஒரு சந்து, அதுதான் ஜன்னல். இப்போது வெளியே கல் படிக்கட்டு இருக்கிறது, அது பிற்பாடு வைத்தது. அந்தக் காலத்தில் ராத்திரி மாட்டையெல்லாம் உள்ளே ஓட்டி, கதவுக்குக் குறுக்கே கட்டையைத் தள்ளிவிட்டு, மேலே ஏறியதும் ஏணியை இழுத்துக்கொள்வார்கள். மாட்டின் உடம்புச் சூடு பலகை வழியாக மேலே வரும், கூடவே சாணி வாடையும் வரும். கொள்ளைக்காரர்கள் வந்தால் கதவோரம் ஈர வைக்கோலைக் குவித்துக் கொளுத்தி, புகை போட்டு உள்ளே இருப்பவர்களை வெளியே வர வைப்பார்கள்.

தம்பி வாசற்கல்லில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "குழந்தைகளை வைத்துக்கொண்டு இதற்குள்ளேயா இருந்தார்கள்?" என்றான். அவன் மகளுக்கு அப்போது மூன்று வயது.

எல்லையின் மேற்குக் கோடியில் இன்னொரு விசித்திரம் இருந்தது. எஸ்க், சார்க் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே பத்து மைல் நீளம், நாலு மைல் அகலத்துக்கு ஒரு நிலம். இரு நாடும் உரிமை கொண்டாடியதால் அதற்கு 'வழக்கு நிலம்' என்றே பெயர் வந்துவிட்டது. பகலில் யார் வேண்டுமானாலும் மாடு மேய்க்கலாம், வீடு கட்டிக் குடியிருக்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு. ஆனாலும் ஆம்ஸ்ட்ராங்குகளும் கிரஹாம்களும் அங்கே குடியேறி, கல் கோபுரமே கட்டிக்கொண்டார்கள். 1551-இல் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரு பிரகடனம் போட்டார்கள். அந்த நிலத்தில் யார் இருந்தாலும் அவர்களைக் கொள்ளையடிக்கலாம், கொளுத்தலாம், கொல்லலாம், அதற்கு எந்தப் பரிகாரமும் கேட்க முடியாது என்று அதில் எழுதியிருந்தது. ராஜாங்கத்தின் கையெழுத்தோடு வந்த வாசகம் இது. இதை எழுதியவர்கள்தான் எல்லைக்காரர்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொன்னார்கள். மறுவருடம் நிலத்தைப் பிரிக்க ஸ்காட்லாந்து ஒரு கோடு போட்டது, இங்கிலாந்து ஒரு கோடு போட்டது. பிரெஞ்சுத் தூதர் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுப் பஞ்சாயத்தை முடித்தார். அந்தக் கோட்டில் இரண்டு பள்ளம் தோண்டி, மண்ணை நடுவில் கொட்டிக் கரை எழுப்பினார்கள். மூன்றரை மைல் நீளமுள்ள அந்த மண்கரையின் தடம் மரங்களுக்கு நடுவே இன்றும் தெரிகிறது.

எல்லைக்காரர்களுக்குத் தேசம் என்பது இரண்டாம்பட்சம்தான். முதலில் குடும்பப் பெயர். வார்டனின் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கல்யாணம் செய்வது மரண தண்டனைக் குற்றம். அப்படியிருந்தும் சம்பந்தம் செய்துகொண்டே இருந்தார்கள். "நினைத்தால் ஸ்காட்லாந்துக்காரர்கள், விரும்பினால் ஆங்கிலேயர்கள்" என்று தாமஸ் மஸ்கிரேவ் என்ற ஆங்கில அதிகாரி 1583-இல் சலித்துக்கொண்டு எழுதினார். 1547-இல் பிங்கி போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற எல்லைக்காரர்கள் ஈட்டி நீள தூரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம். படையோடு போன ஆங்கிலேயர் ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அது துரோகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே நிற்பவன் தங்கையின் மாமனாராக இருக்கலாம். ராஜா நாளைக்குப் போய்விடுவார், இவர்கள் அதே ஓடையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும்.

இனி 1596. கெர்ஷோப் கரையில் மார்ச் 17-ஆம் தேதி ஒரு சமாதான நாள். இரு தரப்பிலும் வார்டன்கள் வரவில்லை, அவர்களுடைய ஆட்கள்தான் வந்து நடத்தினார்கள். ஸ்காட்லாந்துப் பக்கத்தில் வந்தவர்களில் ஒருவன் கின்மாண்ட் வில்லி என்கிற வில்லியம் ஆம்ஸ்ட்ராங். பெரிய கொள்ளைக்காரன், ஆங்கிலேயர் பல வருடமாகத் தேடியவன். விசாரணை முடிந்து லிடல் ஆற்றோரமாக அவன் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். எதிர்க்கரையில் சால்கெல்ட் என்ற ஆங்கிலத் துணை அதிகாரியின் கூட்டமும் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஆறு மட்டும்தான். இவ்வளவு பக்கத்தில் அவனைப் பார்த்ததும் அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஆற்றைக் கடந்து துரத்திப் பிடித்து, கார்லைல் கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சூரியன் இன்னும் உதிக்கவில்லை.

ஆங்கில மேற்கு மண்டலத்தின் வார்டன் ஸ்க்ரூப் பிரபு அவனை அன்றே விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இவன் மோசமானவன், ஏற்கெனவே எத்தனையோ குற்றம் செய்தவன் என்றார். ஸ்காட்லாந்துப் பக்கத்தில் லிடிஸ்டேலுக்குப் பொறுப்பான பக்ளூ ஜமீன்தார் வால்டர் ஸ்காட் கடிதம் எழுதிப் பார்த்தார், பேசிப் பார்த்தார். அசையவில்லை. இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் ஸ்க்ரூப் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. கின்மாண்ட் வில்லி உத்தமன் இல்லை. ஆனால் சமாதான நாளின் வாக்கு உத்தமர்களுக்காக ஏற்பட்டதா? கொல்லத் துடிக்கும் கைகளைக் கட்டிப்போடத்தானே அந்த வாக்கு! யார் வந்தான் என்று பார்த்து அதைக் காப்பாற்றுவதானால் அடுத்த முறை ஓடைக்கரைக்கு யார் வருவார்கள்?

ஏப்ரல் 13 ராத்திரி. கொட்டுகிற மழை, பெருக்கெடுத்த ஈடன் ஆறு. பக்ளூ ஒரு சிறு குதிரைப்படையோடு வந்தார். எழுபது எண்பது பேர் என்பது ஸ்காட்லாந்துக் கணக்கு. ஸ்க்ரூப் ஐநூறு என்று எழுதினார். கொண்டுவந்த ஏணி மதிலுக்கு எட்டவில்லை. பின்பக்கச் சிறு வாசலை உடைத்து உள்ளே போய், கின்மாண்ட் வில்லியை மீட்டுக்கொண்டு, விடிவதற்குள் ஸ்காட்லாந்து மண்ணுக்குத் திரும்பிவிட்டார்கள். காவலாளிகள் தூங்கிவிட்டார்கள், அல்லது மழைக்கு எங்கேயோ ஒதுங்கிவிட்டார்கள் என்று ஸ்க்ரூப் லண்டனுக்கு எழுதினார். உள்ளேயிருந்து உதவி கிடைத்தது என்பதும் அவருக்குத் தெரியும். உதவியவர்கள் கிரஹாம்கள், அவருடைய பக்கத்து ஆங்கிலப் பிரஜைகள்.

எலிசபெத் ராணி கொதித்துப்போனார். ராணிக்கு வாரிசாகும் கனவிலும், அவர் வருடா வருடம் தரும் பணத்திலும் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டார். ஸ்காட்லாந்து முழுக்கப் பக்ளூ பக்கம் நின்றது. இழுபறிக்குப் பிறகு 1597-இல் பக்ளூ தானாகப் போய் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார், பிற்பாடு விடுதலையானார்.

ஆறு வருடம் கழித்து எல்லாம் மாறிவிட்டது. 1603 மார்ச் 24 விடியுமுன் எலிசபெத் ரிச்மண்டில் இறந்தார். நடு மண்டலத்தின் வார்டன் ராபர்ட் கேரி அப்போது அரண்மனைப் பக்கம்தான் இருந்தார். ஸ்க்ரூப்பின் மனைவிக்குக் கூடப் பிறந்தவர். யாரும் அனுப்பாமலே குதிரை ஏறினார். முதல் ராத்திரி டான்காஸ்டர், இரண்டாம் ராத்திரி விட்ரிங்டனில் தன் வீடு. எல்லையை அமைதியாக வைத்திருங்கள் என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டுவிட்டு மறுபடி ஏறினார். நாரம் பக்கம் குதிரையிலிருந்து விழுந்து, அதே குதிரையிடம் தலையில் உதையும் வாங்கினார். ரத்தம் வழிய வழிய மூன்றாம் நாள் ராத்திரி எடின்பரோ போய்ச் சேர்ந்தபோது ஜேம்ஸ் படுத்துவிட்டார். எழுப்பி, முழந்தாளிட்டு, இங்கிலாந்தின் அரசே என்று வணங்கினார். கிட்டத்தட்ட நானூறு மைல்.

மேற்கு மண்டலத்தில் அதே நாட்களில் கிரஹாம்களும் மற்றவர்களும் கம்பர்லாந்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். ஒரு அரசர் இறந்து அடுத்தவர் முடிசூடும் வரை சட்டம் செல்லாது என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. அது தப்புக் கணக்கு. இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வந்த பிறகு ஓடிப்போய் ஒளிய அக்கரை ஏது?

எல்லை என்ற சொல்லே இருக்கக் கூடாது என்றார் ஜேம்ஸ். இனி அது 'நடு மாவட்டங்கள்'. எல்லைச் சட்டம் போயிற்று, வார்டன்கள் போனார்கள், சமாதான நாளும் போயிற்று. ஆறுக்கு ஆறு ஜூரி கிடையாது. 1605-இல் கமிஷன் ஒன்று வந்து, ஆயுதமும் நல்ல குதிரையும் வைத்திருக்கக் கூடாது என்றது. மோப்ப நாய்களோடு ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள். முதலில் தூக்கு, அப்புறம் விசாரணை என்பதற்கு ஜெட்பரோ ஊரின் பெயராலேயே ஒரு பழமொழி உண்டாயிற்று. கோபுர வீடுகளின் இரும்புக் கிராதிக் கதவுகளைக் கழற்றி ஏர்க்கொழு செய்யுங்கள் என்று 1606-இல் உத்தரவு வந்தது. கொள்ளை குறைந்தது உண்மை. அந்த விதவை ராத்திரி கண்மூடித் தூங்கியிருப்பாள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிளாக் மிடன்ஸ் மாதிரி கனத்த சுவர் வீடுகளை 1603-க்குப் பிறகும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கணக்குத் தீர்த்த விதத்தையும் பாருங்கள். கார்லைல் கோட்டையை உடைத்த பக்ளூ 1606-இல் ஸ்காட் பிரபுவாக உயர்ந்தார். அவருடைய வம்சத்தார் பிற்பாடு டியூக் ஆனார்கள், இன்றும் ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய நிலச் சொந்தக்காரர்களில் அவர்கள் சேர்த்தி. உள்ளேயிருந்து உதவிய கிரஹாம்களின் நிலத்தையோ கம்பர்லாந்து ஏர்ல் பட்டம் பெற்ற பிரபுவுக்கு அரசர் எழுதிக் கொடுத்தார். நிலம் கைமாறியாகிவிட்டது, அதில் இருந்த ஜனங்களை என்ன செய்வது? முதலில் ஆண்களைப் பிடித்து நெதர்லாந்தில் ஆங்கிலக் காவல்படைகளுக்கு அனுப்பினார்கள். பலர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார்கள். அதனால் 1606-இல் குடும்பம் குடும்பமாக வொர்கிங்டன் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போய் அயர்லாந்துக்குக் கப்பலேற்றினார்கள்.

வொர்கிங்டன் என்ற பெயரைப் படித்ததும் நான் நிறுத்திவிட்டேன். 1568 மே மாதம் ஜேம்ஸின் தாய் மேரி, தோற்றுப்போன ராணியாகச் சால்வே கழிமுகத்தை ஒரு மீன்பிடிப் படகில் கடந்து, அடைக்கலம் கேட்டு வந்து இறங்கியது அங்கேதான். அவரைப் பத்தொன்பது வருடம் சிறையில் வைத்திருந்து கழுத்தை வெட்டினார்கள். முப்பத்தெட்டு வருடம் கழித்து அதே கரையில் கிரஹாம் வீட்டுப் பெண்கள் குழந்தைகளோடு நின்றார்கள். அனுப்பி வைத்தது மேரியின் மகனுடைய அரசாங்கம்.

அயர்லாந்தின் ராஸ்காமனில் கிரஹாம்களுக்குக் கிடைத்தது விறகும் நல்ல தண்ணீரும் இல்லாத நிலம். அவர்களைக் குடியேற்றக் கம்பர்லாந்தில் வசூலித்த பணம் அவர்கள் கைக்குச் சரியாக வந்து சேரவில்லை. இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலோர் அங்கிருந்து நழுவிவிட்டார்கள். திரும்பி வந்தால் தூக்கு என்று தெரிந்தும், ஒருவர் இருவராகக் கடலைக் கடந்து எஸ்க் ஆற்றங்கரைக்கே வந்து சேர்ந்தார்கள்.